குற்றாலக் குறவஞ்சியின் அரங்கு

ஆடல்வல்லானுக்கு உரிய அம்பலங்கள் ஐந்து என்பது சைவ மரபு. தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருவாலங்காட்டில் மணியம்பலம், திருநெல்வேலியில் தாமிரசபை, திருக்குற்றாலத்தில் சித்திரசபை என அவை எண்ணப்படும். முதல் நான்கும் பொன், வெள்ளி, மணி, செம்பு என்னும் பொருள்களாற் பெயர் பெற்றன. ஐந்தாவது மட்டும் பொருளாற் பெயர் பெறாது தொழிலாற் பெயர் பெற்றது. குற்றாலநாதர் திருக்கோயிலினின்று சிறிது தொலைவில், குளத்தை அடுத்துத் தனியே அமைந்த அச்சபையில் இறைவன் சுவரில் எழுதிய ஓவியமாக ஆடுகின்றான். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள் வண்ணத்தால் எழுதப்பட்டுள்ளன. மார்கழித் திருவாதிரையில் கூத்தப்பெருமானின் உலாத் திருமேனி அங்கு எழுந்தருளத் தாண்டவ தீபாராதனை நிகழ்கின்றது. ஏனைய நாள்களில் அங்கே ஆடுவோர் நகர்வதில்லை. காண்போரே சுவரை ஒட்டி நகர்கின்றனர். அருவியாடிவிட்டு வருவோருள் பெரும்பாலோர் சில நொடிகளிற் பார்த்து முடித்துத் திரும்பிவிடும் மிகச் சிறிய அரங்கு அது.

இவ்வூருக்குப் பிறிதோர் அரங்கும் உண்டு. அது கல்லாலும் மரத்தாலும் ஆயதன்று. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியே அவ்வரங்கு. கவிராயர் தம் ஊர் இறைவன்மீது தலபுராணமும் மாலையும் உலாவும் கோவையும் யமக அந்தாதியும் பாடியவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது குறவஞ்சியே. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) இந்நூலை மெச்சிக் கவிராயருக்கு நிலம் அளித்தார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்பதும் இலக்கிய வரலாறு பயில்வோர் அறிந்தவை. ஒரு நாடகத்தின் பெயர் நிலத்துக்கு இடப்பெற்றமை தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழ்ந்த செய்தியன்று.

இத்தகைய நாடகத்தை நாம் இன்று எவ்வாறு பயில்கின்றோம்? பாடநூல்களில் குறத்தி மலைவளம் கூறும் பகுதியின் இரண்டு மூன்று கண்ணிகள் இடம் பெறுகின்றன. ஆசிரியர் எதுகை மோனைகளைக் காட்டுவர். உயர்வு நவிற்சி என்று அணியின் பெயர் கூறுவர். இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டு என்று முடிப்பர். குரங்கும் அருவியும் கொண்ட அழகிய தனிப்பாட்டாகவே அது மாணவர் உள்ளத்தில் நிற்கின்றது. முதுகலை வகுப்பிலும் ‘சிற்றிலக்கிய வகைகள்’ என்னும் தலைப்பின்கீழ்க் குறவஞ்சியின் உறுப்புகளை வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இவ்விரண்டு முறைகளும் நூலின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பது என் கருத்து. மலைவளப் பகுதி தனித்து நிற்கும் வருணனை அன்று. அரங்கில் அதற்கு முன் நிகழ்ந்தவற்றுக்கு ஒரு நாடக மாந்தர் கூறும் மறுமொழி அது. அம்மறுமொழியைக் கேட்டுக்கொண்டு மற்றொருத்தி அரங்கில் நிற்கின்றாள் என்பதை மறந்தால் பாட்டின் பாதிப் பொருள் நழுவிவிடும்.

கதை நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோம். கட்டியக்காரன் வந்து திரிகூடநாதரின் பவனியை அறிவிக்கின்றான். பவனி வருகின்றது, மகளிர் காண வருகின்றனர். வசந்தவல்லி தோன்றிப் பந்தாடுகின்றாள். ஆடிக்கொண்டிருந்தவள் பவனி வருவாரைக் கண்டு காதல் கொள்கின்றாள். நிலவையும் மன்மதனையும் பழிக்கின்றாள். தோழியைத் தூது விடுக்கின்றாள். கூடல் இழைத்துப் பார்க்கின்றாள். அந்நிலையிற்றான் குறத்தி சிங்கி கூடையும் கோலுமாக வருகின்றாள். வந்தவள் உடனே குறி கூறவில்லை. மலைவளமும் நாட்டுவளமும் தலப்பெருமையும் தன் குலத்தின் வழக்கமும் பாடுகின்றாள். பிறகே கை பார்க்கின்றாள்.

இவ்வளவு நீண்ட பாட்டு ஏன்? காதல் நோயால் வாடும் ஒருத்தியை நிறுத்திவைத்துக் குறத்தி குரங்குகளைப் பற்றிப் பாடுவது பொருத்தமா? வகுப்பில் மாணவர் சிலர் இவ்வாறு வினவுவது உண்டு. நல்ல வினா அது. இலக்கண விதி என்று கூறி அவர்கள் வாயை அடைத்துவிடலாகாது. பாட்டின் செய்திகளை ஒவ்வொன்றாக முற்காட்சிகளோடு ஒட்டிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

வசந்தவல்லியை நாம் முதலிற் காண்பது பந்தாட்டத்தில். பந்து எழுந்து வீழும் விரைவைச் சந்தத்திலேயே கேட்கும்படி கவிராயர் அப்பகுதியைப் பாடியுள்ளார். மலைவளத்தின் ஒரு கண்ணியிலோ கொழுத்த குரங்கு தேமாங்கனியைப் பந்தாக அடிக்கின்றது. அதே கண்ணியில் அருவி முத்துகளைக் கழங்காக வைத்து ஆடுகின்றது. முற்றத்திற் பரந்து சிறுமியர் கட்டிய சிற்றிலை அடித்துக்கொண்டு ஓடுகின்றது. பந்து, கழங்கு, சிற்றில் ஆகிய மூன்றும் மகளிர் விளையாட்டு. நாயகி இழந்துவிட்ட விளையாட்டை இப்போது மலை ஆடுகின்றது. பந்தை மறந்து நிற்கும் அப்பெண்ணின்முன் குறத்தி இதனைப் பாடும்போது அவையோருக்கு எழும் நகையும் இரக்கமும் ஏட்டைப் படிப்போருக்கு எளிதில் எழமாட்டா.

அடுத்து நிலவை நோக்குவோம். குளிர்ச்சி தரவேண்டிய நிலவு தன்னைச் சுடுகின்றது என்று வசந்தவல்லி நெடிது பழித்தாள். பிரிவால் வருந்தும் தலைவியர் அனைவரும் செய்வது அது. குறத்தியின் மலையிலோ ஒரு யானை வானத்து மதியைக் கவளம் என்று கருதி அதன் வழியை மறிக்கின்றது. காதலிக்குப் பெரும்பகையாய் நின்ற பொருள் மலைக்களிற்றுக்கு ஒரு வாய்ச் சோறு! இதனை உயர்வு நவிற்சி என்று மட்டும் சொல்லி நகர்வோமாயின் கவிராயர் செய்த குறும்பு நமக்குத் தெரியாமலே போகும். உலாவின் நாயகன் முடியில் இருப்பதும் அம்மதியே என்பதை அவையோர் மறந்திருக்கமாட்டார்.

பாடநூலில் தவறாது இடம்பெறும் முதற் கண்ணியையும் இவ்வாறே பார்க்கலாம். ஆண்குரங்கு பழத்தை மந்திக்குக் கொடுத்துக் கொஞ்சுகின்றது. மந்தி சிந்திய பழத்துக்கு வானுலகத்தார் கெஞ்சி நிற்கின்றனர். இதற்குச் சற்று முன்னர் வசந்தவல்லி தோழியிடம் கூறியனுப்பிய செய்தி யாது? நாயகர் வந்தால் நன்று. வாராராயின் அவர் மாலையேனும் தரட்டும் என்பதே. கேளாமலே கொடுத்துக் கொஞ்சும் விலங்கின் காதல் ஒருபுறம். ஒரு மாலைக்காக இரந்து நிற்கும் மானிடக் காதல் மறுபுறம். கண்ணி மேலும் செல்லச் செல்லக் காட்சி உயர்ந்துகொண்டே போகின்றது. மரக்கிளையிற் குரங்குகள், பிறகு வானவரைக் கண்ணால் அழைக்கும் வேடர், விண்வழிச் செல்லும் சித்தர், அருவித் திரை எழுந்து வானில் வழிவதால் வழுக்கிவிழும் கதிரவன் தேர், இறுதியில் பிறை சூடிய சடை. மலையின் அடியிலிருந்து முடிவரை பார்வை ஏறுகின்றது. அருவியின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர் யாவரும் இவ்வேற்றத்தை உடம்பால் அறிவர்.

இங்குக் கண்ணிகளின் அமைப்பையும் கருதவேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஈற்றயலடி இறைவன் பெயரை அடைமொழியுடன் கூறும். ஈற்றடியில் மலையைத் தங்கள் மலை என்று குறத்தி உரிமை கொண்டாடுவாள். எனவே ஒவ்வொரு கண்ணி முடியும்போதும் வசந்தவல்லியின் செவியில் அவள் காதலன் பெயர் விழுகின்றது. விழுந்தவுடனே அவன் மலை பிறள் ஒருத்தியின் உடைமையாகின்றது. பெயர் விழுந்த அந்நொடியில் நாயகியின் முகம் மாறாமல் இராது. குறத்தி அதனைக் காணாமலும் இராள். பாடிக்கொண்டே அவள் நோயின் காரணத்தைத் தேர்ந்துகொள்கின்றாள். கையைப் பிடிப்பதற்கு முன்பே குறி முடிந்துவிடுகின்றது. இது நூலில் எழுதப்படாத செய்தி. ஆயினும் ஆடுவோர்க்கு நூல் விட்டுவைத்த இடம். நடிப்புக்கு இடம் விட்டெழுதும் இவ்வாற்றலே கவிராயரை நாடகப் புலவர் ஆக்குகின்றது.

இது கவிராயர் புதிதாகக் கண்ட உத்தி என்று கொள்ளவேண்டா. குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையார் இதே நிகழ்ச்சியை மிகச் சில அடிகளில் அமைத்துள்ளார். அங்கே அகவன்மகள் கட்டுப் பார்க்க வந்து பாடுகின்றாள். பாட்டின் நடுவே தலைவனது குன்றம் வந்துவிடுகின்றது. உடனே தோழி குறுக்கிட்டு அக்குன்றைப் பற்றிய பாட்டையே இன்னும் பாடுக என்கின்றாள். நோய்க்கு முருகன் காரணமல்லன், அம்மலைக்கு உரியவனே காரணம் என்பது செவிலிக்கு அதனாற் குறிப்பாகப் புலப்படும். மலையைப் பாடுதல் மருந்து கூறுதலாகின்றது. அகத்திணையில் ஒரு வரியாக இருந்த இக்குறிப்பைக் கவிராயர் ஒரு காட்சியாக விரித்தார் என்று கூறலாம். குறவஞ்சியைப் பிற்காலத்துச் சிற்றிலக்கியம் என்று தள்ளிவைத்துச் சங்க இலக்கியத்தை மட்டும் போற்றுவோர் இத்தொடர்பை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, இவ்வரங்கின் அவையோர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். குற்றாலம் என்றும் வருவோரை எதிர்கொள்ளும் ஊர். அருவியாடவும் தலத்தை வழிபடவும் பிற ஊர்களிலிருந்து மக்கள் வந்துகொண்டே இருந்தனர். இன்றும் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசும்போது பல்லாயிரவர் வருகின்றனர். அவர்கள் காலையில் நீராடிய அருவியை, கண்ட குரங்கை, மணந்த சண்பகத்தைக் குறத்தி மாலையில் பாடுகின்றாள். தாம் கண்டதையே மீண்டும் கேட்கின்றனர். ஆனால் கண்டபோது அது ஊருக்கு வந்தவரின் காட்சி. கேட்கும்போது அம்மலையிற் பிறந்தவளின் உடைமை. இக்காலத்து வழிகாட்டி நூல்கள் வருவோருக்கு அருவிகளின் பெயர்களைத் தருகின்றன. குறவஞ்சி தருவது வேறு. மலையைத் தமதெனக் கூறும் ஒரு குரலைக் கேட்டு, அது நமதன்று என்று உணரும் சிறிய கூச்சத்தையும் அது தருகின்றது. சுற்றுலாத் தலமாகிவிட்ட ஊருக்கு இக்கூச்சம் பயன்படும்.

பிற குறவஞ்சிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. தஞ்சைச் சமவெளியில் மலை கேட்டறியும் பொருளேயன்றிக் கண்டறியும் பொருளன்று. வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தியும் குறவனும் சமயக் கருத்தின் உருவகங்களாகின்றனர். அது வேறொரு பயன் கருதியது, தன் வழியிற் சிறந்தது. குற்றாலத்திலோ பாடப்பெறும் மலை அவையோரின் கண்ணெதிரே நிற்கின்றது. காட்சித் திரை எழுதவேண்டிய தேவையே இல்லை.

திரையைப் பற்றிய பேச்சு வந்தமையால் ஒன்று கூறலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கை வகுத்து, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் கூறுகின்றது. அது அரசவைக் கூத்துக்கு உரிய அரங்கு. குறவஞ்சிக்கு இவை வேண்டா. கட்டியக்காரன் குரலே அதன் திரை. மாந்தர் வருகையை ஒரு விருத்தம் அறிவிக்கும். அதனை அடுத்துவரும் கீர்த்தனையோ கண்ணியோ அவ்வருகையை ஆடிக் காட்டும். விருத்தத்தில் தாளம் இல்லை. ஆடுவோர் மூச்சு வாங்க அது இடம் தரும். பதிப்புகளில் விருத்தங்களை விரைந்து படித்துக் கடக்கும் நாம் அவை அரங்கில் ஆற்றும் பணியை உணர்வதில்லை.

நூலின் பிற்பகுதி வகுப்புகளில் இன்னும் குறைவாகவே மதிக்கப்படுகின்றது. சிங்கியைத் தேடிச் சிங்கன் வருகின்றான். உடன் நூவன் வருகின்றான். பறவைகள் வயல்களில் இறங்கி மேய்கின்றன; கண்ணி வைக்கின்றனர்; பறவைகள் தப்புகின்றன. இங்கே குளங்களின் பெயரும் வயல்களின் பெயரும் கட்டளைகளும் அறம் செய்தோர் பெயரும் அடுக்கடுக்காக வருகின்றன. தொலைவூரிலிருந்து படிப்பவர்க்கு இது சலிப்பூட்டலாம். அவையின் முன்வரிசையில் அவ்வயல்களை உழுதவரும் அவ்வறங்களைச் செய்தவர் வழிவந்தவரும் அமர்ந்திருந்தனர் என்று எண்ணிப் பார்த்தால் சலிப்பு நீங்கும். முற்பகுதி வந்தவர்க்கு மலையைக் காட்டியது. பிற்பகுதி இருப்பவர்க்கு வயலைக் காட்டுகின்றது. ஓர் அரங்கு இருதிறத்தாரையும் இவ்வாறு மதித்து நடத்துவது அரிது.

சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் இடம் தமிழ் நாடக நகைச்சுவையில் தலைசிறந்தது என்பேன். குறி சொல்லிப் பெற்ற அணிகளோடு அவள் நிற்கின்றாள். அணிகலனையே அறியாத அவன் அவள் காலைப் பார்த்துப் பெரிய விரியன் கடித்துக் கிடக்கின்றதே என்று அஞ்சுகின்றான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கின்றாள் அவள். இவ்வாறே வினாவும் விடையும் காலிலிருந்து மேல்நோக்கிச் செல்கின்றன. மலைவளப் பாட்டில் மலையின் அடியிலிருந்து முடிக்கு ஏறிய பார்வையும் இங்கே ஒரு பெண்ணின் அடியிலிருந்து மேலேறும் பார்வையும் ஒரே கைவண்ணம். நாயகி நாயகரோடு கூடுவதை நூல் அரங்கிற் காட்டுவதில்லை. பவனி வந்தவர் மீண்டும் தோன்றுவதுமில்லை. கூடிக் களிப்பவர் குறவனும் குறத்தியுமே. இறைவனைத் தலைவனாகக் கொண்ட நாடகத்தின் இறுதி இன்பத்தைக் கவிராயர் எளிய மக்களுக்கு வைத்தார்.

இந்நாடகம் ஏட்டளவில் ஒடுங்கியது எவ்வாறு? கோயில்களில் குறவஞ்சிகளை ஆடிவந்தோர் கோயில் ஆடல் மகளிர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. அச்சட்டம் வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் அம்மகளிரின் வாயிலும் காலிலும் இருந்த கலைக்கு மாற்று இல்லம் ஒன்றை எவரும் முறையாக அமைத்துத் தரவில்லை. அதற்குச் சற்று முன்னர், 1944இல், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. நூலைச் சென்னை மேடையிற் காப்பாற்றிய பெருமை அம்முயற்சிக்கு உண்டு. ஆயினும் சென்னை மேடையில் மலை அபிநயத்தால் உணர்த்தப்பட வேண்டியதாயிற்று. அவையோருள் வயலுக்கு உரியவர் எவரும் இல்லை.

குற்றாலத்தில் வாழ்ந்து இந்நூலின் சுவையை நாடறியச் செய்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). பாட்டைச் செவியால் துய்க்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது தமிழ்த் திறனாய்வுக்குக் கிடைத்த பேறு. ஆயினும் கம்பரிடத்தும் பிறரிடத்தும் சிறந்த பாக்களைத் தேர்ந்து மற்றவற்றை விலக்கும் முறையே அவருடையது. தனிப்பாட்டுக்கு அம்முறை பொருந்தும்; காவியத்துக்கு ஒருவாறு பொருந்தும்; நாடகத்துக்குப் பொருந்தாது. மலைவளக் கண்ணிகளை மட்டும் எடுத்துச் சுவைக்கும் இன்றைய வழக்கத்தில் அம்முறையின் நிழல் படிந்துள்ளது என்றே தோன்றுகின்றது. அவர் போன்ற செவிச்செல்வர்க்கு ஒரு கண்ணியைப் பாடும்போதே முழுநாடகமும் உள்ளத்தில் நிகழ்ந்திருக்கலாம். பாடநூலில் அதைத் தனியே காணும் மாணவர்க்கு அவ்வாறு நிகழ்வதில்லை.

சித்திரசபைக்கு வருவோரின் நிலையும் இதுவே. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலில், பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த அக்கற்றளியில், காளியும் ஊர்த்துவத் தாண்டவரும் வீரபத்திரரும் தூண்களிலிருந்து வெளியே பாய்வார்போல நிற்கின்றனர். காண்போர் தாமே நின்றுவிடுவர். ஓவியம் அவ்வாறு மறித்து நிறுத்துவதில்லை. அது வரிசையறிந்து பார்க்கப்படவேண்டியது. ஒரு சுவரை மட்டும் பார்த்துவிட்டுச் செல்வது குறவஞ்சியில் ஒரு கண்ணியை மட்டும் படிப்பதற்கு நிகர். குறவஞ்சி அச்சபையில் ஆடப்பெற்றது என்று நிறுவ நான் முற்படவில்லை. ஒரே ஊரின் இவ்விரண்டு அரங்குகளையும் நாம் ஒரே வகையில் துண்டாக்கிக் காண்கின்றோம் என்பதே சொல்ல விரும்புவது.

பாடத்திட்டம் வகுப்போர் முழுநூலையும் வைக்க இயலாதெனின், பந்தாட்டம், நிலாப் பழிப்பு, தூது, மலைவளம் ஆகிய நான்கையும் ஒருசேர வைக்கலாம். மொத்தம் சில பக்கங்களே ஆகும். நான்கையும் இருவர் எதிரெதிர் நின்று உரக்கப் படிக்கவேண்டும். ஒருவர் பாடும்போது மற்றவர் வாளா நிற்கப் பழகவேண்டும். குற்றாலத்தில் சாரல் விழா நடைபெறும் ஆண்டுகளில் கலைநிகழ்ச்சிகளுக்கு மேடை அமைகின்றது. அதில் ஒரு மாலையேனும் இந்நூலை முதலிலிருந்து முடிவுவரை ஆடச் செய்யலாம். ஆய்வு மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. 2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நில ஆவணங்களும் நீர்நிலைப் பதிவுகளும் இப்போது அருகிலேயே கிடைக்கும். சிங்கனின் பறவைகள் இறங்கிய வயல்களையும் குளங்களையும் அவற்றோடு ஒப்பிட்டு, எப்பெயர் இன்றும் வழங்குகின்றது, எது மாறியது, எது மனையிடமாயிற்று என்று சிற்றாற்றுக் கரையில் நடந்து குறித்து வரலாம். உழவரிடம் கேட்டால் சில பெயர்களுக்கு நூலில் உள்ளதைவிடத் திருத்தமான பாடமே கிடைக்கக்கூடும்.